இனாமாக வரும் போலீஸ்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நமது முன்னோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்கு மனமுவந்து கொடுக்கும் தானத்துக்கு இந்த விதி பொருத்தமானதே. சர்க்கார் கொடுக்கும் மானியத்துக்கு இது சிறிதும் பொருந்தாது. அங்கே கொடுப்பதும் ஊரார் பணம். வாங்குவதும் ஊராரின் பிரதிநிதிகள். ஆகவே பல்லை மட்டுமல்ல, கொம்பையும் குளம்பையும் பார்க்கவேண்டும். அந்த மாடு நாளொன்றுக்கு எவ்வளவு தீனி தின்னும், யார் சொன்னால் கேட்கும், யாரை முட்டும் என்பதையும் விசாரித்தே தீரவேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் கால் நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஓர் ஏற்பாடு இந்த விசாரணைக்கு நல்ல உதாரணமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குள் ஆயுதம் தரித்த போலீஸ் உத்தியோகஸ்தர் ஒருவரை நிறுத்தி, அவருடைய சம்பளத்தில் பெரும் பகுதியைச் சமஷ்டி சர்க்காரின் மானியத்திலிருந்து கொடுப்பதே அந்த ஏற்பாடு. அந்த உத்தியோகஸ்தருக்கு அங்கே 'ஸ்கூல் ரிசோர்ஸ் ஆபீசர்' என்று பெயர். பாடசாலைக்குத் துணையாக வந்த அதிகாரி என்பது அதன் கருத்து. அவர் சட்டத்தைக் காப்பவர், பிள்ளைகளுக்குப் புத்தி சொல்பவர், சட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்துபவர் என்று மூன்று வேலைகளையும் ஒருங்கே செய்வார் என்று இத்திட்டத்தை ஆதரிப்போர் கூறுகிறார்கள். முதல் வேலைக்கு மட்டுமே அவரிடம் துப்பாக்கியும் கைவிலங்கும் இருக்கின்றன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஒரு சிறு ஊரின் பாடசாலை போர்டு கூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊர்ப் போலீஸ் தலைவர் எழுந்து, "தலைநகரிலிருந்து மானியம் வரப்போகிறது. நாம் மனுச் செய்யாவிட்டால் அடுத்த ஊர் வாங்கிக்கொள்ளும்" என்கிறார். பிள்ளைகளின் உயிரைக் காக்க ஒரு காவலர் வேண்டாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். எந்த அங்கத்தினருக்கு வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வரும்? தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிடும். அந்தக் காவலர் எதற்காக வருகிறார், யாருக்குக் கட்டுப்பட்டவர், மானியம் தீர்ந்தபின் அவருக்கு யார் படியளப்பது என்ற கேள்விகள் நாலாவது வருஷத்தில்தான் எழும்.

மானியத்தின் கதை

அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களை நடத்துவது சமஷ்டி சர்க்கார் அன்று. ராஜ்ய சர்க்கார்களும் உள்ளூர்ப் போர்டுகளும் தங்கள் வரிப்பணத்திலிருந்து நடத்துகின்றன. பாடசாலைச் செலவில் சமஷ்டி சர்க்காரின் பங்கு சுமார் பத்தில் ஒன்றுதான். போலீஸும் அப்படியே. ஊருக்கு ஊர் தனித்தனிப் போலீஸ் இலாகா உண்டு. ஆதலால் தலைநகரான வாஷிங்டன் உள்ளூர் விஷயத்தில் ஒரு கொள்கையைப் பரப்ப விரும்பினால் உத்தரவு போட்டு அதைச் சாதிக்க முடியாது. பணத்தைக் காட்டித்தான் சாதிக்க முடியும். மானியத்தின் மகிமை இதில்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் போலீஸ்காரரை நிறுத்தும் பழக்கம் 1950-ம் வருஷத்தை அடுத்த காலத்தில் மிச்சிகன் ராஜ்யத்திலுள்ள ஃப்ளிண்ட் நகரில் தோன்றியது. அதன் பிறகு நாற்பது வருஷ காலம் அது அங்கொன்றும் இங்கொன்றுமாகவே இருந்துவந்தது. 1994-ம் வருஷம் செப்டம்பர் மாதம் ஜனாதிபதி கிளிண்டன் கையெழுத்திட்ட குற்றத் தடுப்புச் சட்டம் நிலைமையை மாற்றிற்று. நாடெங்கும் புதிதாக ஒரு லக்ஷம் போலீஸ்காரரை நியமிப்பதற்கென்று 880 கோடி டாலர் செலவிட அச்சட்டம் அனுமதித்தது. அந்தப் பணத்தைப் பங்கிடுவதற்காக நீதி இலாகாவில் 'காப்ஸ்' என்ற காரியாலயம் ஏற்பட்டது.

1998-ம் வருஷம் அக்டோபர் மாதம் வெள்ளை மாளிகையில் பாடசாலைப் பாதுகாப்பைப் பற்றி ஒரு மகாநாடு நடந்தது. பள்ளிகளுக்கென்றே போலீஸ்காரரை நியமிப்பதற்குத் தனி மானியம் கொடுக்கப்படும் என்று ஜனாதிபதி அங்கே அறிவித்தார். அடுத்த வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி கொலராடோ ராஜ்யத்தில் கொலம்பைன் உயர்தரப் பாடசாலையில் இரண்டு மாணவர் துப்பாக்கியால் சுட்டு, 12 மாணவரையும் ஓர் உபாத்தியாயரையும் கொன்றனர். நாடே நடுங்கியது. அந்த நடுக்கத்துக்கிடையே மானியத் திட்டம் வேகமாகப் பரவிற்று. 1999 முதல் 2005 வரை இந்த ஒரு திட்டத்தின் மூலம் சுமார் 75 கோடி டாலர் வழங்கப்பட்டது. 6,000-க்கு மேற்பட்ட போலீஸ்காரர் பள்ளிகளுக்கு வந்தனர். 2017-18-ம் வருஷத்தில் அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் ஏறக்குறையப் பாதியில், வாரத்தில் ஒரு நாளாவது, இத்தகைய அதிகாரி காணப்பட்டார்.

சமஷ்டி சர்க்காரைப் பார்த்து ராஜ்யங்களும் தங்கள் மானியங்களைத் தொடங்கின. 2018-ம் வருஷம் பிப்ரவரி மாதம் ஃபுளோரிடாவிலுள்ள பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் மாண்டபின், ஒரு மாதத்துக்குள்ளேயே அந்த ராஜ்யம் ஒரு சட்டம் செய்தது. ஒவ்வொரு பொதுப் பள்ளியிலும் ஒரு பாதுகாப்பு அதிகாரி இருந்தே தீரவேண்டும் என்றது அச்சட்டம். டெக்ஸாஸ் ராஜ்யமும் 2023-ம் வருஷத்தில் அவ்விதமே விதித்தது.

கணக்கைப் பார்ப்போம்

மானியம் என்றால் முழுச் செலவும் வந்துவிடும் என்று பாமர ஜனங்கள் நினைக்கிறார்கள். நிபந்தனைகளைப் படித்தால் உண்மை விளங்கும். அண்மை வருஷங்களில் காப்ஸ் காரியாலயத்தின் நியமன மானியம் ஒரு போலீஸ்காரரின் சம்பளத்திலும் படிகளிலும் நூற்றுக்கு 75 வரை கொடுக்கும். ஆனால் மூன்று வருஷத்துக்கும் சேர்த்து ஒரு நபருக்கு 1,25,000 டாலருக்கு மேல் கொடுக்காது. மீதியை உள்ளூர் போடவேண்டும். மானியம் முடிந்த பிறகும் குறைந்தது 12 மாத காலம் அந்த உத்தியோகத்தை ஊர் தன் சொந்தச் செலவில் வைத்திருக்க வேண்டும்.

இதை ஓர் உதாரணக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு போலீஸ்காரருக்குச் சம்பளமும் படிகளும் சேர்ந்து வருஷத்துக்கு 80,000 டாலர் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷத்துக்கு 2,40,000 டாலர். இதில் முக்கால் பங்கு 1,80,000. ஆனால் உச்சவரம்பு 1,25,000 ஆதலால் அவ்வளவுதான் கிடைக்கும். ஊர் போட வேண்டியது 1,15,000. நாலாவது வருஷத்தின் 80,000-மும் ஊரின் தலையில் விழும். ஆக நாலு வருஷச் செலவு 3,20,000 டாலரில் மானியம் 1,25,000. ஊரின் பங்கு 1,95,000. 'இனாம்' என்று சொல்லி வாங்கியதில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் ஊராரே கொடுத்திருக்கிறார்கள்! ஐந்தாவது வருஷத்திலிருந்தோ முழுச் செலவும் அவர்களுடையதே.

அதற்குள் அந்த அதிகாரி பள்ளிக்கூடத்தில் ஓர் அங்கமாகிவிடுகிறார். அவரை நிறுத்தினால், 'பிள்ளைகளின் பாதுகாப்பைக் குறைத்துவிட்டார்கள்' என்று அடுத்த தேர்தலில் பழி வரும். ஆகவே போர்டு அவரை வைத்துக்கொண்டு, கேள்வி கேட்கச் சக்தியில்லாத வேறு செலவைக் குறைக்கத் துணியும். சங்கீத உபாத்தியாயர், புத்தகசாலைக்காரர், தாதி இவர்களுக்காக ஊரில் கூட்டம் கூடுவோர் குறைவு. யானையைத் தானமாக வாங்கியவன் தீனிக்காகத் தோட்டத்தை விற்ற கதைதான்.

டெக்ஸாஸின் கணக்கு இன்னும் விநோதமானது. ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதம் தரித்த அதிகாரி ஒருவர் இருக்கவேண்டும் என்று விதித்த 2023-ம் வருஷத்துச் சட்டம், அதற்கென்று வருஷத்துக்குப் பள்ளி ஒன்றுக்கு 15,000 டாலரும் மாணவர் ஒருவருக்கு 10 டாலரும் அனுமதித்தது. 500 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு இது 20,000 டாலர். இந்தத் தொகைக்கு ஒரு வருஷத்தில் பாதிப் போலீஸ்காரர்கூடக் கிடைக்கமாட்டார். போதாது என்று பல போர்டுகள் முறையிட்டன. உத்தரவு முழுசு, பணம் அரைகுறை என்றால் மீதியை யார் கொடுப்பது? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது சட்டசபைக்காரருக்குச் சுலபம். கடைக்காரனுக்கல்லவா நஷ்டம் தெரியும்!

அவர் யாருடைய ஆள்?

பணத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்றுண்டு. பள்ளிக்கூடத்துக்குள் தலைமை உபாத்தியாயரே எஜமானர். அங்கே நடக்கும் தவறுகளை விசாரித்து, கண்டித்து, மன்னித்து, திருத்துவது அவருடைய தர்மம். போலீஸ் உத்தியோகஸ்தருக்கோ எஜமானர் வேறு. அவர் ஊர்ப் போலீஸ் இலாகாவின் ஆள். அவருடைய பிரமாணம் சட்டத்துக்கு. சண்டையிட்ட இரு சிறுவர் உபாத்தியாயரின் கண்ணுக்குத் துஷ்டப் பிள்ளைகள். போலீஸ்காரரின் கண்ணுக்கு அடிதடி வழக்கின் எதிரிகள். சம்பவம் ஒன்றே, பார்க்கும் கண் மாறினால் பையனின் வாழ்வே மாறிவிடுகிறது.

சட்டத்தின் நிலைமையும் குழப்பமானது. பள்ளி அதிகாரிகள் ஒரு மாணவரின் பையைச் சோதிக்க, போலீஸாருக்கு வேண்டிய அளவு பலமான ஆதாரம் தேவையில்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் போதும் என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1985-ம் வருஷத்தில் தீர்ப்பளித்தது. உபாத்தியாயர் தகப்பனைப் போன்றவர், சோதித்தாலும் கண்டிப்பதோடு விடுவார் என்ற நம்பிக்கையால் கொடுத்த சலுகை அது என்று கொள்ளலாம். ஆனால் பள்ளிக்குள் இருக்கும் போலீஸ்காரரையும் பள்ளி அதிகாரியாகவே பாவித்து, அந்தச் சலுகையைப் பல கீழ்க்கோர்ட்டுகள் அவருக்கும் நீட்டியிருக்கின்றன. சோதிக்கும்போது உபாத்தியாயரின் உரிமை. கண்டெடுத்தபின் போலீஸாரின் அதிகாரம். இந்த இரண்டும் ஒரே மனிதனிடம் சேர்ந்தால் மாணவருக்கு எஞ்சும் பாதுகாப்பு என்ன?

வட கரோலினா ராஜ்யத்தில் நடந்த ஒரு வழக்கு இதை விளக்கும். ஊரில் நடந்த திருட்டுக்களைப் பற்றி விசாரிப்பதற்காக 13 வயதுப் பையன் ஒருவனை வகுப்பிலிருந்து சீருடைப் போலீஸ்காரர் அழைத்துச் சென்றார். கதவு மூடிய அறையில் போலீஸாரும் பள்ளி அதிகாரிகளும் அவனைக் கேள்வி கேட்டனர். அவனை வளர்த்துவந்த பாட்டிக்குச் சொல்லியனுப்பவில்லை. பேசாதிருக்க அவனுக்கு உரிமை உண்டென்பதையும் முதலில் சொல்லவில்லை. பையன் ஒப்புக்கொண்டான். இத்தகைய விசாரணையில் பிள்ளையின் வயதைக் கவனித்தே தீரவேண்டும் என்று 2011-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. அதுவும் ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நாலு நீதிபதிகள் மறுபுறமுமாக! தலைமை உபாத்தியாயர் கூப்பிட்டால் வராமலிருக்கவோ எழுந்து போகவோ முடியாது என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கீழ்ப்படிதலைப் பள்ளிக்கூடம் கல்விக்காகப் பழக்குகிறது. அதைப் போலீஸ் விசாரணைக்கு இரவல் கொடுப்பது தர்மமாகாது.

2015-ம் வருஷம் அக்டோபர் மாதம் தென் கரோலினாவில் ஒரு வகுப்பறையில் நடந்த காட்சியை உலகமே படத்தில் பார்த்தது. உபாத்தியாயரின் சொல்லைக் கேட்கவில்லை என்ற குற்றத்துக்காக, உட்கார்ந்திருந்த ஒரு மாணவியை நாற்காலியோடு கவிழ்த்து, தரையில் இழுத்தெறிந்தார் பள்ளியில் நிறுத்தப்பட்டிருந்த போலீஸ் அதிகாரி. ஆட்சேபித்துக் குரல் எழுப்பிய மற்றொரு மாணவியும் கைது செய்யப்பட்டாள். பள்ளியின் அமைதியைக் கெடுப்பதே குற்றம் என்று ஒரு பழைய சட்டம் அந்த ராஜ்யத்தில் இருந்தது. அதிகாரி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2018-ம் வருஷத்தில் அந்தச் சட்டமும் திருத்தப்பட்டு, அந்தந்தப் பள்ளி மாணவர்மீது அதைப் பிரயோகிக்கலாகாது என்று ஏற்பட்டது. அந்த வகுப்பில் நடந்தது ஒரு கீழ்ப்படியாமை மட்டுமே. போலீஸ்காரர் பக்கத்தில் இல்லாவிட்டால் அது தலைமை உபாத்தியாயரின் அறையோடு முடிந்திருக்கும்.

பலன் என்ன?

இவ்வளவும் உண்மையாயினும், துப்பாக்கி ஏந்தி வரும் கொலைகாரனிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றுமானால் இந்த ஏற்பாட்டைப் பொறுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. அனுபவம் என்ன சொல்கிறது?

கொலம்பைன் பள்ளியில் ஆயுதம் தரித்த அதிகாரி ஒருவர் இருந்தார், கொலைகாரரில் ஒருவனை நோக்கிச் சுட்டார், கொலை நிற்கவில்லை. பார்க்லண்டில் இருந்த அதிகாரி கட்டடத்துக்குள் நுழையாமல் வெளியிலேயே நின்றார். அவர்மீது வழக்குத் தொடர்ந்து நடந்து, 2023-ம் வருஷத்தில் அவர் குற்றமற்றவரென்று விடுதலையானார். டெக்ஸாஸின் யுவால்டி நகரில், பாடசாலைப் போர்டுக்கென்றே தனிப் போலீஸ் இலாகா இருந்தது. 2022-ம் வருஷம் மே மாதம் 24-ந் தேதி அங்கே 19 குழந்தைகளும் இரண்டு உபாத்தியாயினிகளும் கொல்லப்பட்டனர். பல இலாகாக்களிலிருந்தும் வந்து குவிந்த போலீஸார் 376 பேர். கொலைகாரன் இருந்த வகுப்பறைக்குள் அவர்கள் புகுவதற்கு 77 நிமிஷம் ஆயிற்று. ஒருவர் போதவில்லை என்று சொல்வதற்கும் அங்கே இடமில்லை.

சில சம்பவங்களைக் கொண்டு முடிவு கட்டுவது தவறு என்று சொல்வோருக்கு ஆராய்ச்சியாளர் வேறு வழியில் பதில் தேடியிருக்கிறார்கள். மானியத்துக்கு மனுச் செய்த இலாகாக்களில் சில மயிரிழையில் வென்றன. சில மயிரிழையில் தோற்றன. மற்ற விதங்களில் இவை ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. ஆதலால் இவ்விரண்டையும் ஒப்பிட்டால் போலீஸ்காரர் வந்ததால் விளைந்தது இன்னதென்று ஒருவாறு தெரியும். 2014 முதல் 2018 வரையுள்ள விவரங்களைக் கொண்டு இவ்விதம் செய்த ஆராய்ச்சியில் மூன்று விஷயங்கள் தெரியவந்தன. பள்ளிக்குள் மாணவரிடையே நடக்கும் கைகலப்புப் போன்ற வன்முறை சில குறைந்தன. துப்பாக்கிச் சம்பவங்கள் தடுக்கப்பட்டதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மாணவரைத் தாற்காலிகமாக விலக்குவது, பள்ளியைவிட்டே நீக்குவது, போலீஸிடம் ஒப்படைப்பது, கைது செய்வது ஆகியவை அதிகரித்தன. இந்தத் தண்டனைகளின் அதிகரிப்பு வெள்ளைப் பிள்ளைகளைவிடக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

டெக்ஸாஸைப் பற்றி எமிலி வைஸ்பர்ஸ்ட் என்ற பொருளாதார ஆராய்ச்சியாளர் 2019-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் கவலை தருவது. 1999 முதல் 2008 வரை சமஷ்டி மானியத்தால் போலீஸ் வந்த பள்ளிகளை அவர் பரிசீலித்தார். நடுத்தர வகுப்புப் பிள்ளைகள் தண்டிக்கப்படுவது நூற்றுக்கு 6 வீதம் உயர்ந்தது. அற்பத் தவறுகளுக்கான தண்டனையே அதில் பெரும் பகுதி. மூன்று வருஷ மானியம் வந்த இடங்களில் உயர்தரப் பள்ளியை முடித்து வெளியேறுவோர் சுமார் நூற்றுக்கு 2.5 வீதமும், கலாசாலையில் சேருவோர் 4 வீதமும் குறைந்தனர். மாணவரைக் காப்பாற்ற வந்த பணம் சில மாணவரைப் பள்ளியைவிட்டே வெளியேற்றியிருக்கிறதென்றால், இந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது?

எதிர்த்தரப்பாரின் நியாயம்

எதிர்த்தரப்பாரின் வாதத்தையும் நாம் புறக்கணிக்கவில்லை. கைகலப்புக் குறைவதே பெரிய லாபமென்று அடிவாங்கும் பிள்ளையின் தாய் சொல்வாள். அவள் சொல்வது சரியே. பிள்ளைகளின் பெயர்களை அறிந்து, வீட்டுக் கஷ்டம் கேட்டு, வழக்கு வராமல் காப்பாற்றிய நல்ல அதிகாரிகளும் இருக்கிறார்கள்.

போலீஸை விலக்கியோரின் அனுபவமும் ஒரே மாதிரியாக இல்லை. 2020-ம் வருஷம் மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸாரால் கொல்லப்பட்டபின், அந்நகரப் பாடசாலை போர்டு சில நாட்களுக்குள் போலீஸ் இலாகாவுடன் தனக்கிருந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தது. டென்வர் நகரமும் அதே ஜூன் மாதத்தில் பள்ளிகளிலிருந்து போலீஸை விலக்கத் தீர்மானித்தது. 2023-ம் வருஷம் மார்ச் மாதம் டென்வரின் ஒரு பள்ளியில் ஒரு மாணவன் இரண்டு நிர்வாகிகளைச் சுட்டுக் காயப்படுத்தினான். மறுநாளே போர்டு தன் தீர்மானத்தை நிறுத்தி வைத்தது. ஜூன் மாதத்தில் போலீஸ் திரும்பி வருவதை உறுதிப்படுத்திற்று. ஒரு சாவின் கோபத்தில் விலக்கினார்கள். ஒரு துப்பாக்கிச் சத்தத்தின் பயத்தில் சேர்த்தார்கள். நின்று நிதானித்து யோசித்ததாக இரண்டையும் சொல்ல முடியாது.

பணமே கேள்வியை எழுதுகிறது

நமது முக்கியமான ஆட்சேபம் போலீஸ்காரரைப் பற்றியதன்று, மானியத்தைப் பற்றியது. ஒரு பள்ளிக்கு என்ன குறை என்று பள்ளியைக் கேட்டபின் பணம் கொடுப்பது ஒரு முறை. போலீஸ்காரருக்கென்றால் பணம் உண்டு, மனு எழுது என்பது மற்றொரு முறை. இரண்டாவது முறையில் பதில் முன்னமே தயாராகிவிடுகிறது. அந்தப் பதிலுக்கேற்ற கேள்வியைத்தான் ஊரார் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளிக்கு வேண்டியது பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்டு ஆலோசனை சொல்பவராக இருக்கலாம், தாதியாக இருக்கலாம், சிறிய வகுப்புக்களாக இருக்கலாம். ஆனால் கையில் இருக்கும் மனுப் பத்திரத்தில் 'போலீஸ்' என்றே அச்சிட்டிருக்கிறது. வேண்டியதைக் கேட்கவந்தவன் கிடைப்பதை வாங்கிக்கொண்டு போகிறான்.

இதன் விளைவை அமெரிக்கப் பிரஜா உரிமைச் சங்கம் 2019-ம் வருஷத்தில் சர்க்கார் விவரங்களிலிருந்தே எடுத்துக் காட்டிற்று. போலீஸ் இருந்தும், ஆலோசகர், தாதி, மனோதத்துவ நிபுணர், சமூக ஊழியர் ஆகிய நால்வரில் ஒருவர்கூட இல்லாத பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் 1 கோடியே 40 லக்ஷம் என்று அது கணக்கிட்டது. காய்ச்சல் வந்தால் பார்க்க ஆளில்லை. அழுதால் கேட்க ஆளில்லை. தவறினால் பிடிக்க மாத்திரம் ஆள் இருக்கிறது!

மற்ற உதவிக்கும் பணம் ஒதுக்காமல் இல்லை. யுவால்டி கொலைக்குப்பின் 2022-ம் வருஷம் ஜூன் மாதம் நிறைவேறிய சமஷ்டிச் சட்டம், பள்ளிகளில் மனநல உதவிக்கென்று 100 கோடி டாலர் அனுமதித்தது. அதைக் கொண்டு பல ஊர்கள் ஆலோசகரை நியமிக்கத் தொடங்கின. 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், ஆட்சி மாறியபின், இந்த மானியங்களைத் தொடரப்போவதில்லை என்று கல்வி இலாகா அறிவித்தது. பல ராஜ்யங்கள் கோர்ட்டுக்குப் போயின. நல்ல காரியத்துக்கு வந்த மானியமும் கொடுத்தவரின் மனம் மாறினால் நின்றுபோகும் என்பதற்கு இது அத்தாட்சி. போலீஸ் மானியத்துக்குச் சொன்ன எச்சரிக்கை ஆலோசகர் மானியத்துக்கும் பொருந்தும். அன்னியர் நீரை நம்பிப் பயிரிடுபவன் மடை யார் கையில் இருக்கிறதென்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செய்யத் தக்கது

மானியமே வேண்டாமென்று ஏழை ஊர்களுக்கு உபதேசிப்பது சுலபம். பசித்தவனுக்கு அது உதவாது. வாங்கும்போது செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகளையே நாம் வற்புறுத்துகிறோம்.

முதலாவது, மனுப் போடுவதற்கு முன் பகிரங்கக் கூட்டம் கூட்டி, பள்ளிக்குக் குறை இன்னதென்று பெற்றோரும் உபாத்தியாயரும் மாணவரும் சொல்லக் கேட்கவேண்டும். குறை ஒன்றும் மருந்து வேறொன்றுமாக இருந்தால் பணத்தை மறுக்கும் தைரியம் போர்டுக்கு இருக்கவேண்டும். இரண்டாவது, ஐந்து வருஷக் கணக்கை அன்றே எழுதி ஜனங்களுக்கு வெளியிடவேண்டும். நாலாவது வருஷத்துச் சம்பளம் எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்பதற்குப் பதில் இல்லாத மானியம் கடனேயன்றி மானியமன்று.

மூன்றாவது, போலீஸ் இலாகாவுக்கும் பள்ளிக்கும் எழுத்துமூலமான உடன்படிக்கை வேண்டும். சமஷ்டி மானியத்தின் விதிகளே இத்தகைய உடன்படிக்கையைக் கேட்கின்றன. அது பெயருக்கு எழுதிய காகிதமாக இருக்கலாகாது. கீழ்ப்படியாமை, வாய்ச்சொல், வகுப்பில் சத்தம், வராமலிருத்தல் ஆகிய பள்ளிக் குற்றங்கள் தலைமை உபாத்தியாயருடையவை என்றும், அவற்றில் போலீஸ்காரர் தலையிடலாகாதென்றும் அதில் தெளிவாக இருக்கவேண்டும். பெற்றோருக்குத் தெரிவிக்காமல் பிள்ளையை விசாரிக்கலாகாது. நாலாவது, எத்தனை பிள்ளைகள் கைதானார்கள், எதற்காக, எந்த இனத்தார், எந்த வயதினர் என்ற விவரம் வருஷந்தோறும் வெளியாகவேண்டும். அந்த விவரத்தைப் பார்த்தபின்னரே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

மானியம் கொடுப்போருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் பாதுகாப்பே நோக்கமாயின், போலீஸ் என்றும் ஆலோசகர் என்றும் முன்கூட்டி முத்திரை குத்தாமல் பணத்தைக் கொடுங்கள். எது வேண்டுமென்பதை அந்தந்த ஊர் நிச்சயிக்கட்டும்; நிச்சயித்தது பலித்ததா என்று கணக்குக் கேளுங்கள். ஊரைக் காட்டிலும் தலைநகரத்துக்கு ஒரு வகுப்பறையைப் பற்றி அதிகம் தெரியும் என்று நினைப்பது சுயஆட்சிக்கு அழகன்று.

பள்ளிக்கூடம் என்பது பிள்ளை தவறு செய்வதற்கு அனுமதியுள்ள இடம். தவறிழைத்து, கண்டிக்கப்பட்டு, வெட்கப்பட்டு, திருந்தி, மறுநாள் அதே பலகையில் மறுபடியும் உட்காருவதற்காகவே அது ஏற்பட்டது. முதல் தவறே பதிவுப் புஸ்தகத்தில் ஏறிவிடுமானால் அந்த இடத்துக்குப் பள்ளிக்கூடம் என்ற பெயர் எதற்கு? பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்கிய மாட்டுக்கு விலையை வாங்கியவன் கொடுத்துத் தீர்த்துவிடலாம். இங்கே விலை கொடுப்போர் மனுவில் கையெழுத்திட்ட போர்டு அங்கத்தினரல்லர். அந்த மனுவைப் பற்றி ஒன்றுமறியாமல் பலகையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். கையெழுத்திடுவோர் இதை மறவாதிருப்பார்களாக.